மடியைப் பார்த்துச் சிரிப்பவர்கள்

தனக்கு வரவேண்டிய பட்டப்பெயர் எதுவென்று அவன் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தான். கழுகு. போக்குவரத்துக் காவல் பிரிவில் சேர்ந்த முதல் வாரமே, சாப்பாட்டு அறையில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "எங்க காலேஜ்ல என்னைக் கழுகுன்னுதான் கூப்பிடுவாங்க" என்று ஒரு பிட்டைப் போட்டும் வைத்தான். பச்சைப் பொய். கல்லூரியில் அவனை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாலு பேரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து அவன் பெயர் ஜன்னல்.

காரணம் இருந்தது. ஜன்னலோரம் உட்காருவதுதான் அவன் உத்தியோகம்.

இப்படி ஒரு உத்தியோகத்தைக் கண்டுபிடித்தவர் ஆய்வாளர் மேடம். போனைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்று சட்டம் வந்ததும் ஜனங்கள் திருந்தவில்லை, ஒளிப்பதில் தேறினார்கள். சீருடை தெரிந்தவுடன் போன் தொடைக்கு அடியில் போகும், கதவு இடுக்கில் போகும், ஒருவர் தொப்பிக்குள்கூட வைத்திருந்தார். சாலையில் நிற்கிற போலீஸ்காரருக்குக் காருக்குள் கழுத்துக்கு மேலேதான் தெரியும். மேடம் யோசித்தார். மடி தெரிய வேண்டுமென்றால் உயரத்திலிருந்து பார்க்க வேண்டும். ஊருக்குள் காரைவிட உயரமாக, எவனும் திரும்பிப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருப்பது எது? பஸ்.

ஆக, நகரப் பேருந்தில் ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருக்கும் உயரமான ஜன்னல் இருக்கையில், சாதாரண சட்டை போட்ட ஒரு ஆள். சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக், காதில் ஒரு இயர்போன். பக்கத்து வரிசைக் கார்களின் மடிகளைப் பார்த்துக்கொண்டே வந்து, நிறம், எண், எந்தக் கை என்று அவன் முணுமுணுக்க வேண்டும். அடுத்த திருப்பத்தில் மோட்டார் சைக்கிளோடு நிற்கும் பைக் அண்ணன் அதைக் காதில் கேட்டு அந்த வண்டியை ஓரம் கட்டுவார். மாட்டியவர் கேமரா எங்கே என்று வானத்தைப் பார்ப்பார், கம்பத்தைப் பார்ப்பார், மரத்தைப் பார்ப்பார். பக்கத்தில் புகை விட்டுக்கொண்டு போகிற பஸ்ஸை மட்டும் பார்க்கமாட்டார்.

பிடிபட்டவர்கள் சொல்லும் காரணங்களை அண்ணன் அவ்வப்போது காதில் ஓதுவார். அவருடைய குரலில் எப்போதும் ஒரே சுருதிதான். யாராவது செத்தாலும் அதேதான்.

"ஜன்னலு, நீ சொன்ன பச்சைக் கார்க்காரர் பேசவே இல்லையாம். சம்சாரம்தான் பேசினாங்களாம். இவர் கேட்டுக்கிட்டு மட்டும் இருந்தாராம்."

"கையில போன் இருந்துச்சா இல்லையா அண்ணே?"

"இருந்துச்சு. இப்பவும் இருக்கு. பாவம், அந்தம்மா இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்காங்க."

வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே ஜன்னல் ஒரு விதியைக் கண்டுபிடித்தான். தன் மடியைப் பார்த்து எவனும் சும்மா சிரிப்பதில்லை. வண்டி ஓட்டுகிறவன் குனிந்து சிரித்தால் மடியில் போன் இருக்கிறது. மேற்கொண்டு பார்க்கவே தேவையில்லை. இந்த விதியை அவன் சாப்பாட்டு அறையில் சொன்னான், வீட்டில் சொன்னான், முடிதிருத்துகிறவரிடம் கழுத்தில் துணி கட்டியிருந்த நிலையிலும் சொன்னான். வீட்டில் மட்டும் எடுபடவில்லை.

"ரோட்டுல போறவன் மடியில என்ன இருக்குன்னு தெரியுது. கண்ணு முன்னாடி இருக்கிற உப்பு டப்பா மட்டும் தெரியாது, இல்ல?" என்றாள் அம்மா. அப்போது அவன் அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு, உப்பு டப்பாவுக்கு எதிரே நின்று, உப்பு டப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் ஏறுகிற பஸ்ஸை ஓட்டியவர் ஓட்டுநர் அக்கா. நாற்பதைத் தாண்டியவர். இடுப்புக்குப் பின்னால் மடித்த துண்டு ஒன்றை அண்டக் கொடுத்துத்தான் உட்காருவார். இறங்கும்போது முதலில் ஒரு காலை இறக்கி, கொஞ்சம் நின்று, இடுப்பிடம் அனுமதி வாங்குவது போல யோசித்து, பிறகுதான் அடுத்த காலை இறக்குவார். வண்டி ஓட்டும்போது பேசமாட்டார். ஜன்னல் பேசுவான். அவனுக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பது என்பது மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பது மாதிரி. கொஞ்ச நேரம் முடியும், அப்புறம் முகம் சிவந்துவிடும். மைக்கில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு மிச்சத்தையெல்லாம் அக்காவின் பின்தலையிடம் சொல்லிக்கொண்டு வருவான். பின்தலை பதில் சொல்லாது.

கடைசி நிறுத்தத்தில் வண்டியை அணைத்துவிட்டு டீ குடிக்கும்போதுதான் அக்கா வாயைத் திறப்பார். அங்கேதான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. பணிமனையில் புதிய ஓட்டுநர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கே பயிற்சியாளர் இடம் ஒன்று காலியாகிறது.

"டாக்டர் தெளிவா சொல்லிட்டார் தம்பி. இந்தச் சீட்டுல இன்னும் ஒரு வருஷம் உக்காந்தா, அப்புறம் எந்தச் சீட்டுலயும் உக்கார முடியாதாம். அந்த எடம் கெடைச்சா நின்னுக்கிட்டே வேலை பாக்கலாம், நடக்கலாம், நாலு பேரைத் திட்டலாம்."

"உங்களுக்குக் குடுக்காம யாருக்குக் குடுப்பாங்க?"

"யார் வேணா வாங்கலாம். ஆனா சர்வீஸ்ல ஒரு கீறல் இருக்கக் கூடாது. இடிச்சான், உரசினான்னு ஒரு வரி இருந்தாலும் போச்சு. நான் இதுவரைக்கும் ஒரு சைடு கண்ணாடியைக்கூட உடைச்சதில்ல." சொல்லிவிட்டு அக்கா கண் பட்டுவிடக் கூடாதென்று தொட்டுக்கொள்ள மரம் தேடி, டீக் கடையின் மர பெஞ்சைத் தொட்டுக்கொண்டார்.

ஜன்னலுக்கும் அப்போது தகுதிகாண் பருவம். மேடம் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். இருவரும் ஒரே படகில் இருப்பதாக அவன் நெகிழ்ந்துபோனான். படகில் ஓட்டை போடப்போவது யார் என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

ஆரம்பித்தது ஒரு சிவப்பு விளக்கில்.

பக்கத்துக் காரில் ஒருவர் தலைக்குப் பக்கத்தில் எதையோ கறுப்பாகப் பிடித்திருந்தார். "போனா, வேற ஏதாவதா... போன்தான்... இல்ல, பெருசா இருக்கே..." என்று ஜன்னல் தனக்குள் நடத்தவேண்டிய விவாதத்தை உரக்க நடத்திக்கொண்டிருந்தான். பின்தலை லேசாகச் சாய்ந்தது. பக்கக் கண்ணாடியைப் பார்த்தது.

"சீப்பு" என்றது.

சீப்புதான். ஜன்னலுக்குப் புல்லரித்தது. இத்தனை நாளாகச் சுவரிடம் பேசிக்கொண்டிருந்தவனுக்குச் சுவர் ஒரு நாள் பதில் சொன்னால் எப்படி இருக்கும்? "அக்கா, உங்களுக்குக் கண்ணு இருக்கு!" என்றான். அது இல்லாமலா இத்தனை வருஷம் பஸ் ஓட்டினார் என்று அவன் யோசிக்கவில்லை.

வண்டி அப்போது நின்றுகொண்டிருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சிவப்பு விளக்கில் மட்டும்தானே என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவர்கள் பிடித்துக்கொடுத்தவர்களில் பாதிப் பேர் பைக் அண்ணனிடம் சொன்னதும் அதேதான்: "சிக்னல்ல மட்டும்தான் சார் பாத்தேன்."

சிவப்பு விளக்கு கொஞ்ச நாளில் நெரிசலாக விரிந்தது. நெரிசல் என்றால் கிட்டத்தட்ட நிற்கிற மாதிரிதானே? பிறகு, மெதுவாகப் போவதும் கிட்டத்தட்ட நெரிசல் மாதிரிதானே? அக்கா தலையைத் திருப்பமாட்டார், கண்ணாடியில் மட்டும் பார்ப்பார். அது கண்ணாடி பார்ப்பதில் சேர்த்தி, நல்ல ஓட்டுநர் கண்ணாடி பார்க்கத்தானே வேண்டும் என்று ஜன்னல் நியாயம் சொல்லிக் கொடுத்தான். பந்தயம் வேறு வந்து சேர்ந்தது. போனா இல்லையா என்பதில் தோற்றவர் கடைசி நிறுத்தத்தில் டீ வாங்கித் தரவேண்டும். அக்கா பெரும்பாலும் தோற்றார். பிஸ்கட்டைப் போன் என்பார், போனைப் பர்ஸ் என்பார். ஆனால் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. இடுப்பு வலிகூடத் தெரியவில்லை என்று ஒரு நாள் சொன்னார். ஜன்னல் அதைத் தன் சேவைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டான்.

அந்தக் காலையில் எல்லா வரிசைகளும் ஊர்ந்துகொண்டிருந்தன. பைக் அண்ணன் சற்று முன்னால் ஒரு வேனை ஓரம் கட்டி, நடைபாதையில் நின்று அதன் ஓட்டுநரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அவருடைய மோட்டார் சைக்கிள் சாலையின் விளிம்பில், சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. மறுபக்கத்து வரிசையில் ஒரு வெள்ளைக் கார். உள்ளே கண்ணாடி போட்ட ஒருவர் குனிந்திருந்தார்.

"அக்கா, வெள்ளைக் கார். மடியைப் பாத்து சிரிக்கிறான்."

"சிரிக்கலையே."

"நல்லா பாருங்க, பல்லு தெரியுது."

"கொட்டாவி தம்பி அது."

"கொட்டாவி விடுறவன் கண்ணு இப்படி மின்னுமா? பந்தயம் வச்சுக்கலாமா?" ஜன்னல் விரலைக் கண்ணாடியில் அழுத்தி நீட்டினான். "இதோ, இங்க, இங்க!"

"எங்க?" என்று அக்கா திரும்பினார். கண்ணாடியில் அல்ல. தலையோடு.

டொக்.

பஸ் மோட்டார் சைக்கிளை இடித்தது என்று சொன்னால் அது மிகை. படுக்க வைத்தது. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பக்குவத்தோடு மெல்லச் சாய்த்து, சாய்த்த பிறகு மட்டும் கொஞ்சம் மேலே ஏறியது. ஒரு முகப்பு விளக்கு, ஒரு கண்ணாடி, ஒரு கைப்பிடி. பஸ்ஸில் இருந்த யாருக்கும் ஒன்றுமில்லை. நின்றுகொண்டிருந்த ஒருவர் முன்னால் இருந்தவர் மேல் சாய்ந்து மன்னிப்புக் கேட்டதோடு சரி.

 ஜன்னலின் காதில் பைக் அண்ணனின் அந்த ஒரே சுருதிக் குரல் வந்தது.

"ஜன்னலு."

"அண்ணே."

"ஒரு பஸ்ஸு. பெரிய சைஸு. என் வண்டி மேல நிக்குது. நம்பர் சொல்லட்டுமா?"

வெள்ளைக் கார்க்காரர் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். அவர் நிமிர்ந்ததும் மடியிலிருந்ததும் நிமிர்ந்தது. நாய்க்குட்டி. காதுகள் இரண்டும் தொங்க, அதுவும் பஸ்ஸைப் பார்த்தது. உலகத்தில் தன் மடியைப் பார்த்துச் சிரிக்க வேறு காரணங்களும் இருக்கின்றன என்பது ஜன்னலுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது.

அத்தோடு அந்த மனிதர் போயிருக்கலாம். போகவில்லை. போலீஸ் வண்டி மேல் பஸ் ஏறி நிற்கிற காட்சி தினமும் கிடைக்குமா? ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் போன். காரை உருட்டிக்கொண்டே படம் பிடித்தார். பைக் அண்ணன் தன் சிதைந்த வாகனத்தைத் தாண்டி நிதானமாக நடந்துபோய் அவர் கண்ணாடியைத் தட்டினார்.

"சார், நான் ஆதாரத்துக்காக எடுக்கிறேன் சார்!"

"எடுங்க, எடுங்க. எனக்கும் ஆதாரம்தான் வேணும். வண்டி ஓடுது, கையில போன். ஓரமா நிறுத்துங்க." பிறகு காலரில் இருந்த மைக்கில், "ஜன்னலு, வெள்ளைக் கார் உறுதி. ஆனா நீ சொன்னப்ப இல்ல, இப்பதான். நாய்க்குட்டிக்கு எந்தப் பிரிவுன்னு தெரியல, விட்டுட்டேன்."

அந்தப் படத்தைப் பிற்பாடு எல்லாரும் பார்த்தார்கள். பஸ் நிற்கிறது. ஓட்டுநர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிலையாக இருக்கிறார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் ஒருவன், வாய் திறந்தபடி. மோதி முடிந்து இவ்வளவு நேரமாகியும் அவன் விரல் இன்னும் நீட்டியபடியே இருக்கிறது.

பயணிகள் இறங்கினார்கள். ஒரு பெண்மணி இறங்கும்போது யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், "நான் அப்பவே நெனச்சேன். ரெண்டும் காலையிலேர்ந்து வாயை மூடலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் காலியானது. அக்கா இறங்கவில்லை. இடுப்புக்குப் பின்னாலிருந்த துண்டை எடுத்து, உதறி, மடித்து, மறுபடி உதறி, மறுபடி மடித்தார்.

"அக்கா..."

"ஒண்ணும் பேசாத தம்பி." கோபமாக இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "என்ன எழுதச் சொல்றாங்களோ எழுதிக் குடு. உன் பையை மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போ."

அவன் பை எப்போதும் ஓட்டுநர் இருக்கைக்கும் தன் இருக்கைக்கும் நடுவே இருக்கும் தடுப்புப் பலகையில், மேல் கம்பியில் தொங்கும். வேலையில் சேர்ந்த முதல் நாளே வசதியான இடம் என்று அவன் தேர்ந்தெடுத்தது. பையை எடுத்தான். பைக்குப் பின்னால் பலகையில், சிவப்பு எழுத்தில், பத்தடி தள்ளி இருக்கிறவனுக்கும் தெரிகிற அளவில் எழுதியிருந்தது:

வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசாதீர்கள்.

கழுகு அதை இரண்டு முறை படித்தது.

ஆய்வாளர் மேடம் கெட்டவர் இல்லை. ஒரு திட்டத்தைப் பெற்றெடுத்தவர். அதை யாராவது தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்களோ என்று பயப்படுகிறவர். ஜன்னலை உட்கார வைத்து, கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாருப்பா. போன் பேசாதேன்னு சொல்ல பஸ்ல ஆள் வச்சோம், அந்த ஆள் பேசிப் பேசியே பஸ்ஸை மோத வச்சான்னு வெளிய போச்சுன்னா, நாளைக்கு இந்தத் திட்டமே இருக்காது. நீ பக்கத்துல இருந்து பாத்த சாட்சி. ஓட்டுநரோட கவனக்குறைவுன்னு ஒரு வரி எழுது. பொய்யும் இல்லையே? அவங்கதானே திரும்பினாங்க?"

மேசையில், மேடத்தின் முழங்கைக்குப் பக்கத்தில், அவனுடைய தகுதிகாண் பருவக் கோப்பு இருந்தது. மேடம் அதைத் தொடக்கூட இல்லை. தொட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். பொய் இல்லாமல், உண்மையும் முழுசாக வராமல் ஒரு வாக்கியம் செய்ய வேண்டும். இந்த மாதிரி வாக்கியங்கள் செய்வதில் அவனுக்குப் பட்டமே உண்டு. 'ஓட்டுநரின் கவனம் வலப்பக்கம் ஈர்க்கப்பட்டது' என்று எழுதினான். அருமை. யார் ஈர்த்தது என்று கேட்டால் அது வேறு தாள். 'சூழ்நிலை காரணமாக' என்று சேர்த்தான். தானே ஒரு சூழ்நிலை என்று நினைத்ததும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு அக்கா ஒரு காலை இறக்கி, நின்று, அடுத்த காலை இறக்குவது கண் முன்னால் வந்தது. தாளைக் கசக்கினான். அடுத்த தாளை எடுத்து மறுபடி 'ஈர்க்கப்பட்டது' வரைக்கும் வந்தான்.

"என்னடா, பேனாவைத் தின்னு முடிச்சிடுவ போல?" என்று அம்மா வந்தாள். அவன் சொன்னான். எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாத வாய், முழுசாகச் சொல்லிவிட்டது.

அம்மா கேட்டுவிட்டுத் தட்டை வைத்தாள்.

"நீ ஒரு எடத்துல வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்னு எழுதப் போற."

"அப்படி எழுதல. பேசினேன்னு எழுதல, அவ்வளவுதான்."

"ரெண்டும் ஒண்ணுதான். எவன் நம்புவான்? என்னைக் கூப்பிட்டுக் கேட்டா நானே வந்து சாட்சி சொல்லுவேன், இவன் வாயைப் பத்தி. பொறந்ததுலேர்ந்து கேட்டுட்டிருக்கேன். சாப்பிடு."

சொந்த அம்மாவே எதிர்த் தரப்பு சாட்சி என்றால் வழக்கு நிற்காது. ஜன்னல் பேனாவை மூடினான். எழுதுவதை விட்டுவிட்டு நேரில் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தான். எழுத்தில்தான் அவனுக்குத் தந்திரம் வரும், வாயில் வராது.

விசாரணை பணிமனை மேலாளரின் அறையில். சுவரோரம் பஸ் இருக்கைகளையே வெட்டிச் செய்த நாற்காலிகள். மேலாளர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற வகை. ஒரு பக்கம் ஆய்வாளர் மேடம். மறுபக்கம் அக்கா, துண்டை இங்கேயும் கொண்டுவந்து முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

மேலாளர் அச்சடித்த கேள்விகளில் முதலாவதை வாசித்தார். "சம்பவத்தின்போது ஓட்டுநர் கைப்பேசி பயன்படுத்தினாரா?"

"இல்ல சார்" என்றார் அக்கா.

"இல்லை" என்றார் மேடம், வேகமாக.

மேலாளர் மலர்ந்தார். "நல்லதாப் போச்சு. இப்பல்லாம் வர்ற கேஸெல்லாம் அதுதான். அப்ப வெறும் கவனக்குறைவுதான். பயிற்சியாளர் இடத்துக்குத்தான் கொஞ்சம்..." அக்காவைப் பார்க்காமல் தாளைப் பார்த்தார். "அதுக்கு இந்தத் தடவை போட முடியாது. கவனக்குறைவுன்னே போட்டுடலாமா?"

அக்கா தலையாட்டினார். துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சார்" என்றான் ஜன்னல்.

மேடம் அவனைப் பார்த்த பார்வையில் கோப்பு, கையெழுத்து, ஓய்வூதியம் வரைக்கும் எல்லாம் இருந்தது.

"அவங்க கையில போன் இல்ல சார். அதுக்குப் பதிலா பின்னாடி நான் இருந்தேன். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. போனை அணைச்சு வைக்கலாம், என்னை முடியாது. நான்தான் பேச்சுக் குடுத்தேன். பந்தயம் கட்டினதும் நான். வெள்ளைக் காரைப் பாருங்கன்னு விரல் நீட்டினதும் நான். அவங்க ஆரம்பத்துல எத்தனையோ நாள் வாயே திறக்கல. நான் விடல."

 மேலாளர் நெற்றியிலிருந்து கண்ணாடியைக் கண்டுபிடித்து இறக்கிக்கொண்டார்.

"ஓட்டுநரோட பேசக் கூடாதுன்னு உங்க மூஞ்சிக்கு நேரா எழுதியிருக்குமே?"

"பாக்கல சார்."

"தினமும் அங்கதானே உக்காருவீங்க?"

"ஆமா சார். அது மேலதான் பையை மாட்டுவேன்."

"உங்களுக்கு அந்த பஸ்ல என்ன வேலை?"

ஜன்னல் மேடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"பாக்கிறது சார்."

மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மேலாளர் இருமினார், இருமல் நிற்க நேரமானது, தோள்கள் வேறு குலுங்கின. அதற்குள் அக்கா எழுந்துவிட்டார். வழக்கம்போல் இரண்டு தவணையாக.

"இவன் மேலயே எல்லாத்தையும் போடாதீங்க சார். வாயை மூடுடான்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கணும். சொல்லல. எனக்கும் பிடிச்சிருந்துச்சு. இத்தனை வருஷத்துல பின்னாடி உக்காந்தவங்க யாரும் என்கிட்ட ஒரு பேச்சுப் பேசினதில்ல."

இந்தக் கட்டத்தில் ஜன்னலுக்குக் கண் கலங்கியது என்று எழுதினால் அவன் மறுப்பான். தூசி என்பான்.

மேலாளர் கடைசியில் அந்த ஒரு வரியை அக்காவின் பணிப்பதிவில் எழுதவில்லை. காவல் துறையின் பக்கம் தள்ளிவிட்டார். போலீஸ்காரர் ஏற்படுத்திய இடையூறு. அப்படி ஒரு காரணத்தை அந்தப் பணிமனையில் இதற்கு முன்னால் யாரும் எழுதியதில்லையாம். மேடத்தின் திட்டம் பிழைத்தது, ஒரே ஒரு திருத்தத்தோடு: ஆளைப் பின் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். ஜன்னலின் தகுதிகாண் பருவம் நீட்டிக்கப்பட்டது. அவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, அலுவலகத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் போட்டார்கள். பைக் அண்ணன் தனக்குப் புது மோட்டார் சைக்கிள் வந்ததும் அதை அவன் கண்ணில் காட்டாமல் கட்டடத்துக்குப் பின்னால் நிறுத்தினார்.

அக்காவுக்கு அந்த இடம் கிடைத்த செய்தியை அவன் அண்ணன் சொல்லித்தான் கேட்டான். போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. போனில் கூப்பிட்டு வாழ்த்தலாம் என்று எடுத்தான். ஒருவேளை அப்போது வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் என்று வைத்துவிட்டான்.

சில வாரங்கள் கழித்து மேடம் கூப்பிட்டனுப்பினார். கையில் ஒரு கடிதம்.

"பணிமனைப் பயிற்சிப் பள்ளிலேர்ந்து வந்திருக்கு. புது பயிற்சியாளர் ஒரு பாடம் சேர்த்திருக்காங்களாம். ஓட்டுநர் பின்னாடி ஒருத்தர் ஓயாம பேசிக்கிட்டே வரணும், ஓட்டுறவர் திரும்பாம ஓட்டிப் பழகணும். அதுக்கு நம்ம பிரிவுலேர்ந்து ஒரு ஆள் வேணுமாம்." மேடம் வாசித்தார். "'இடைவிடாது பேசும் ஆற்றலும், எதைப் பார்த்தாலும் விரல் நீட்டும் பழக்கமும் உள்ளவராக இருத்தல் நலம்.'"

கடிதத்தை மடித்தார்.

"விளம்பரம் குடுத்து ஆள் தேடவா, இல்ல நீ போறியா?"

பயிற்சிப் பஸ்ஸில், ஓட்டுநருக்குப் பின்னால், பழைய அதே உயரத்தில் அவன் உட்கார்ந்தான். பையை மடியில் வைத்துக்கொண்டான். அக்கா ஓட்டுநருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நேராக நின்றார். துண்டு தோளில் கிடந்தது. அவனைப் பார்த்து, "வா தம்பி" என்றார். பையை எங்கே வைத்திருக்கிறான் என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தவர் நெட்டையான ஒரு புது ஆள். பயத்தில் காது மடல்வரை வியர்த்திருந்தது.

ஜன்னல் வேலையை ஆரம்பித்தான். வானிலை பற்றிப் பேசினான். தன் விதியைப் பற்றி, அது தோற்றதைப் பற்றிப் பேசினான். உப்பு டப்பாவைப் பற்றிப் பேசினான். அண்ணே உங்க சட்டைக் காலர்ல ஏதோ ஊருது என்றான். காலையில் ஓட்டிய மூன்று பேரும் இந்த இடத்தில்தான் திரும்பித் தோற்றிருந்தார்கள். நெட்டையர் திரும்பவில்லை. தாடை இறுகியது, கழுத்து விறைத்தது, கண் சாலையில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

இவர் தேறிவிடுவார் என்று தெரிந்தது. கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. பக்கத்து வரிசையில் ஒரு வண்டிகூட இல்லை. ஜன்னல் விரலைக் கண்ணாடியில் அழுத்தினான்.

"அய்யோ, வெள்ளைக் கார்! மடியைப் பாத்து சிரிக்கிறான்! இதோ, இங்க, இங்க!"

நெட்டையர் அசையவில்லை. வண்டி கோடு போட்ட மாதிரி நேராகப் போனது.

அக்காதான் திரும்பினார். தலையோடு.

"எங்க? நாய்க்குட்டியா?"